யார் அது? நான்தான்

"கீழேயிருந்து யார் மணி அடிச்சாலும் 'நான்தான்'னுதானே சொல்றாங்க? அப்புறம் எப்படிம்மா கதவைத் திறக்கிற?"

புவனோஸ் ஐரிஸ் நகரத்தின் ஒரு நாலாம் மாடி வீட்டுச் சமையலறையில், ஆறு வயதுப் பையன் ஒருவன் தன் அம்மாவிடம் எப்போதோ கேட்ட கேள்வி அது. இன்று அதை ஹிமேனா, கணினித் திரையில் தெரிந்த லொம்பார்தேரோவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உங்க மென்பொருளோட டிரைவரும் அந்த அம்மா மாதிரிதான் சார். யாருன்னு பார்க்காமலே திறந்துவிடுது."

லொம்பார்தேரோ சிரித்தார். நெட்வொர்க் மென்பொருள் விற்கும் நிறுவனத்தின் மேலாளர் அவர். வரும் திங்கட்கிழமை குழந்தைகள் மருத்துவமனையின் எல்லாக் கணினிகளிலும் அந்த மென்பொருள் ஏறப்போகிறது. எந்தக் குழந்தைக்கு எவ்வளவு மருந்து என்று அந்தக் கணினிகளைப் பார்த்துத்தான் செவிலியர்கள் கொடுப்பார்கள். அதனால்தான் மருத்துவமனையின் இயக்குநர் பிபியானா, மென்பொருளைச் சோதித்துச் சொல்லும்படி ஹிமேனாவின் சின்ன அலுவலகத்தைக் கேட்டிருந்தார். அவரும் அந்த வீடியோ அழைப்பில் இருந்தார்.

ஹிமேனா கண்டுபிடித்த ஓட்டை, மென்பொருளின் டிரைவரில் இருந்தது. கணினியின் உள்ளறையான கெர்னலில் உட்கார்ந்து வேலை செய்யும் பகுதி அது. வெளியிலிருந்து ஏதோ ஒரு நிரல் வந்து, நினைவகத்தின் இந்த இடத்தில் இதை எழுது என்றால், அது யாருடைய இடம் என்று விசாரிக்காமலே எழுதிவிடும். வரவேற்பறைக் கணினியைத் தொட முடிந்தவன் எவனும் அந்தக் கணினிக்கே எஜமானன் ஆகிவிடலாம்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. கணினி நின்னுபோகும், அவ்வளவுதான். அணைச்சுத் திரும்பப் போட்டா சரியாயிடும்" என்றார் லொம்பார்தேரோ.

பேச்சு போதும், இப்போதே செய்து காட்டட்டும் என்றார் பிபியானா. முடியாவிட்டால் திங்கட்கிழமை என்பதில் மாற்றமில்லை. லொம்பார்தேரோ தாராளமாகத் தன் அலுவலகச் சோதனைக் கணினியைத் திறந்துவிட்டார், எந்த அதிகாரமும் இல்லாத விருந்தாளிக் கணக்கோடு.

பக்கத்தில் இருந்த, அவளோடு வேலை செய்யும் ஃபாஸ்டோ, மாத்தே இலை போட்ட குடுவையில் வெந்நீர் ஊற்றிக் குடிக்க அவளிடம் நீட்டினான். "ஒல்லி, அந்தாளு சிரிப்பைப் பாரு. கடைவாய்ப்பல்லு வரைக்கும் தெரியுது. சீக்கிரம் மூட வை."

ஹிமேனா தன் நிரலை ஓடவிட்டாள். அந்தக் கணினி அப்படியே உறைந்து நின்றது.

"நான் சொன்னேன்ல?" என்றார் லொம்பார்தேரோ. போனால் போகிறதென்று அணைத்துத் திரும்பப் போட்டும் கொடுத்தார்.

ஹிமேனா நிரலில் ஓர் எண்ணைத் திருத்தினாள். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். மாதாவே, என் பெயருக்காக இல்லை, அந்தப் பிள்ளைகளுக்காக என்று மனசுக்குள் சொல்லிவிட்டு மறுபடி ஓடவிட்டாள்.

இந்தத் தடவை கணினி நிற்கவில்லை. லொம்பார்தேரோவின் சுட்டி தானாக நகர்ந்தது. அவருடைய கணக்கு மூடிக்கொண்டது. கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தார், ஏற்கவில்லை. மறுபடி போட்டார். அவர் கண்ணெதிரே வெற்றுத் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

யார் அது?

நான்தான்.

சிரிப்பு நின்று போனது. பிபியானாதான் முதலில் பேசினார். "திங்கட்கிழமை வேண்டாம். சரிபண்ணிக் கொண்டாங்க. ஹிமேனா பார்த்துச் சரின்னு சொன்னப்புறம் போட்டுக்கலாம்."

லொம்பார்தேரோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நாங்க கவனிக்காம விட்டுட்டோம்மா. நீ மட்டும் பார்க்கலைன்னா..." என்று தொடங்கி, முடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

அழைப்பு முடிந்ததும் ஃபாஸ்டோ அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். சாப்பிட எம்பனாடா வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவன் வாசலில் நின்றான்.

"இதை எழுதின கழுதை யாருன்னு பார்த்து வை. வெள்ளிக்கிழமை பெரிய திரையில போட்டுடலாம்."

டிரைவரை உருவாக்கிய கணினியின் கோப்புறைப் பெயர் சில சமயம் டிரைவருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எழுதியவனின் பெயர் பெரும்பாலும் அதில் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில், ஓட்டை கண்டுபிடிக்கும் இந்தத் தொழில்காரர்கள் எல்லாரும் மதுக்கடையில் கூடி, அந்தப் பெயரைத் திரையில் போட்டுச் சிரிப்பார்கள். போன மாதம் அப்படிச் சிரிக்கப்பட்டவனுக்கு வேலையே போய்விட்டது.

"பேர் எதுவும் இல்ல, ஃபாஸ்டோ. தேடிப் பார்த்துட்டேன்" என்றாள் ஹிமேனா.

"சே, அதிர்ஷ்டக்காரக் கழுதை" என்று அவன் படியிறங்கிப் போனான்.

காலடிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, ஹிமேனா அறிக்கையைத் திறந்தாள். டிரைவரின் உட்பகுதியைக் காட்டும் படத்தில் அந்த ஒரு வரி இருந்தது: ததேயோ பெர்கானோ. அதை அழித்தாள். தன் பிரதியிலும் அழித்துவிட்டு அறிக்கையை அனுப்பினாள்.

நாலாம் மாடி அம்மா அன்று மகனுக்குச் சொன்ன பதிலை அவள் இன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை.

"தெரிஞ்சுதான் திறக்கிறேன், ததேயோ. பின்தெரு ஒல்லிப் பொண்ணு அது. பசிக்குதுன்னு சொல்ல வெட்கப்பட்டுத்தான் 'நான்தான்'ங்கிறா. போ, இன்னொரு தட்டு எடுத்து வை."

தட்டை எடுத்து வைத்த அந்தப் பையன், தன் மிலனேசா இறைச்சித் துண்டில் பாதியை வெட்டி அதில் வைத்துவிட்டு, மூச்சிரைக்கப் படியேறி வந்து நின்ற ஹிமேனாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.