மூன்று தெரு வானொலி

அன்பான நேயர்களே என்று தொடங்கினான் எட்வின்.

நேயர்களாம்.

தன் வீட்டில் உட்கார்ந்திருந்த அவர் டிரான்சிஸ்டரைக் காதோரம் இழுத்து, சத்தத்தைக் கூட்டினார். ரசிப்பதற்கு இல்லை. இன்றைக்கு என்னென்ன உளறுகிறான் என்று பார்ப்பதற்கு.

எட்வின் வீடு இரண்டு தெரு தள்ளி. மாடி அறையில் ஒரு மேசை, ஒரு மைக், தானே கட்டிய ஒரு டிரான்ஸ்மிட்டர். மீடியம் வேவ். அதன் சீவன் மூன்று தெருவுக்குத்தான். தரை ஈரமாக இருந்தால் சர்ச் வாசல் வரைக்கும் தள்ளாடிப் போகும். இந்தக் காலத்தில் எவன் வீட்டில் மீடியம் வேவ் கேட்கிறார்கள்? அதற்கு ஒரு பெயர் வேறு. முல்லைநகர் வானொலி.

வெட்கங்கெட்டவன்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வானிலை சொல்வான். காலையில் தான் வாங்கிய காய்கறியின் விலை சொல்வான். நடுவில் தொண்டையைக் கனைப்பான். அதையும் ஒலிபரப்புவான்.

போன திங்கட்கிழமையிலிருந்து குரலுக்கு அடியில் ஹம்மென்று ஒரு முனகல் வேறு. மண்ணில் இறக்கிய எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறது. அந்த மடையனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

முடிக்கும்போது தினமும் ஒன்று சொல்வான். எப்படிக் கேட்கிறது என்று யாராவது வந்து சொன்னால் நன்றாயிருக்கும் என்பான். பிச்சை கேட்கிற குரல். ஒருவரும் போனதில்லை. அந்த இடத்தில் மட்டும் அவருக்கு வயிறு குளிரும்.

முதல் டிரான்ஸ்மிட்டர் பெட்டியை அவரும் எட்வினும் சேர்ந்துதான் கட்டினார்கள். எர்த் கம்பியை எந்தப் பக்கம் இறக்குவது என்பதில் சண்டை. ஒரு கம்பிக்கு. அன்றோடு பேச்சு நின்றது.

அவன் பேசுவதை நாய்கூடக் கேட்காது என்று டீக்கடையில் சொன்னார். வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்களாவது கேட்பீர்களா என்று எவனாவது கேட்டால், எனக்கு வேறு வேலை இல்லையா என்பார். ஊர் நம்பியது.

இன்றைக்குக் கத்தரிக்காய் விலைக்கு நடுவில் எட்வின் குரல் நின்றது.

மைக் ஒயர் விட்டிருக்கும். பற்றவைக்கத் தெரியாத கை.

தடாலென்று ஒரு சத்தம். நாற்காலியும் போயிற்று. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

குரல் திரும்பவில்லை.

முனகல் இருக்கிறது. அப்படியானால் பெட்டி ஓடுகிறது. மைக்கும் சாகவில்லை. கீழே ஹாலில் ஓடும் சீரியலின் அழுகை தூரத்தில் கேட்கிறது. எட்வினின் மனைவி எஸ்தர் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மாடியில் விழுந்தது அவளுக்குக் கேட்டிருக்காது.

பிறகு மூச்சு.

மைக்குக்குப் பக்கத்தில். இழுத்து இழுத்து.

அவர் சிரிப்பு அடங்கியது.

போனில் எட்வின் நம்பர் இல்லை. சண்டை போட்ட அன்றே வீறாப்பாக அழித்தாயிற்று. போகத்தான் வேண்டும்.

போனால் கேட்பார்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்?

சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றால் பச்சைப் பிள்ளைகூட நம்பாது. இத்தனை வருஷம் அந்த வாசலை மிதிக்காதவர். நாளைக்கு டீக்கடையில் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சனியன். நிகழ்ச்சியை முடித்துவிட்டு விழுந்திருக்கக் கூடாதா.

பேசாமல் இருந்துவிடலாம். அவர்தான் கேட்பதே இல்லையே. ஊரே சாட்சி.

மூச்சு நின்றது.

திரும்ப வந்தது.

இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு ஓடினார். செருப்பு இல்லை. கையில் டிரான்சிஸ்டர் ஓடிக்கொண்டே வந்தது. அணைத்தால் அவன் மூச்சும் நின்றுவிடும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

எஸ்தர் கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் வந்த காரியம் என்னவென்று கேட்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். வழியெல்லாம் யோசித்த பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. மாடியைக் காட்டினார். ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொன்னார். அவளைத் தாண்டிப் படியேறினார். அவள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

அறைக்குள் காலை வைத்ததும் டிரான்சிஸ்டர் ஊளையிட்டது.

மைக்குக்குப் பக்கத்தில் அதே அலைவரிசையில் ஒரு ரேடியோ வந்தால் அப்படித்தான் ஊளையிடும். பெட்டி கட்டிப் பார்த்த எவனுக்கும் தெரியும். யாரோ தன்னைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தரையில் கிடந்தவனுக்கும் தெரிந்தது. கண்ணைத் திறந்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

எஸ்தர் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, போனில் முகவரியைச் சொல்லிச் சொல்லி அழுதாள். வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். எட்வின் அவள் பக்கம் திரும்பவில்லை. அவர் கையிலிருந்த டிரான்சிஸ்டரையே பார்த்தான்.

"எப்படி... கேக்கு?"

குழறியது. ஆனாலும் புரிந்தது.

அவர் டிரான்சிஸ்டரை அணைத்தார். ஊளை நின்றது. இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்த வசவெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"ஹம் அடிக்குலே," என்றார். "போன திங்கக்கெழமைல இருந்தே."

எஸ்தர் அழுகையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் ஜன்னல் வழியாக இறங்கிப்போகும் எர்த் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.