கொளஞ்சிநாதனின் பெட்டிச் சாவி

“இப்பல்லாம் எவன் எவன நம்புறான்? என் மருந்த நான் எடுக்கறதுக்கு உன் சாவியும் வேணுமாம்.”

கொளஞ்சிநாதன் தன் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். நர்ஸ் காந்திமதி அவரை உட்காரச் சொன்னாள்.

நெய்வேலியை ஒட்டிய அந்த ஊரில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்க வேண்டாம் என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்காரர்கள் இரும்புப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். மனசு வெறுத்த நேரத்தில் கைக்கு எட்டிவிடக் கூடாது. பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி விவசாயியிடம், இன்னொன்று காந்திமதியிடம். வருகிறவர் முகத்தைப் பார்த்து, நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் திறப்பாள்.

சாப்பிட்டாரா, தூங்கினாரா, மகன் போன் பண்ணினானா என்று ஆரம்பித்தாள். எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்தார். ஆனால் ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். தானே வைத்த குழம்பில் உப்பு கூடிப்போனது, சுரங்கத்து ஷிப்ட் பஸ் சத்தத்தில் விடியுமுன் முழிப்பு வந்துவிடுவது, எல்லாம் வந்தது. கொடுத்த டீயைச் சர்க்கரை போதாதென்று திட்டிக்கொண்டே குடித்தார்.

“மருந்து எதுக்குங்க ஐயா?”

“முந்திரிக்கு. என்னப் பாத்தா எப்புடித் தெரியுது உனக்கு?”

“பயமாத்தான் இருக்குதுங்க.”

சாவியை மேசைமேல் வீசினார். “நீங்களே வெச்சிக்கினு கும்புடுங்க. மந்தாரக்குப்பத்துக் கடையில புதுசா வாங்கி வூட்லயே வெச்சிக்கறேன்.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

வேலைக்குப் புதிதாக வந்த செவ்வந்தி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டே துரத்திவிட்டோமே, சொன்னபடி வாங்கிவிட்டால்? அவர் பெட்டியைத் திறந்து காட்டியாவது மனிதரைத் திருப்பிக் கூப்பிடலாமென்று இரண்டு சாவியையும் எடுத்துப் போய்த் திறந்தாள்.

பெட்டி காலி. அடியில் விரித்த செய்தித்தாள்கூடக் கசங்கவில்லை.

“அவருக்கு ஏதும்மா முந்திரி?” என்றாள் காந்திமதி. “நெலமெல்லாம் சுரங்கத்துக்குப் போயி எத்தினியோ வருஷமாச்சி. சம்சாரம் செத்த கொஞ்ச நாள்ல வந்து, எனக்கும் ஒரு பெட்டி குடுன்னாரு. பூட்டிட்டு சாவிய மேசையிலயே வை. நாளைக்கு அதக் கேட்டு சண்ட போட வருவாரு.”

வெளியே கொளஞ்சிநாதன், இதெல்லாம் ஒரு வேலையா என்று முனகிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். மந்தாரக்குப்பம் பக்கம் அல்ல, வீட்டுப் பக்கம்.