உலக முடிவில் மூடுபனி

ஓட்டன் சமவெளியில் 'உலக முடிவு' எனப்படும் பாறைமுனையில் காலை ஒன்பதரை மணி. மட்டக்களப்பிலிருந்து வாடகைக்கு வான் பிடித்து வந்த மூன்று தோழிகளும் மலை விளிம்பில் நிற்கிறார்கள். எதிரே பள்ளத்தாக்கு தெரியவில்லை. வெள்ளை மூடுபனி மட்டும் காற்றோடு ஏறி வந்து முகத்தை நனைக்கிறது. முன்னே போனவர்கள் மூடுபனி ஏறுமுன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சிரித்தபடி திரும்புகிறார்கள். சென்ற வருடம் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நிருஷாவால் நூறடிக்கு ஒருதரம் நிற்காமல் நடக்க முடியவில்லை. அவள் நின்ற இடத்திலெல்லாம் மற்ற இருவரும் நின்றார்கள். டினோஷா பூவைப் படம் எடுப்பதுபோல, ஜெனிற்றா சப்பாத்து நாடாவைக் கட்டுவதுபோல.

"என்னாலதான் உங்களுக்கும் ஒண்டும் பாக்கக் கிடைக்கல்ல," என்கிறாள் நிருஷா. "என்னகா கதைக்காய்? போன ஆவணியில உன்ன ஐசியு கண்ணாடிக்குள்ளால பாத்துக்கிட்டு நிண்ட நாங்க," என்கிறாள் ஜெனிற்றா. "இண்டைக்கு நீ இஞ்ச நிக்காய். அது காணும்." டினோஷா சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து, மூடியில் பிளேன்டீ ஊற்றி, முதலில் அவளிடம் நீட்டுகிறாள். இஞ்சி மணக்கிறது. நிருஷா ஒரு கையால் அதை வாங்கிக்கொண்டு மறு கையை நெஞ்சில் வைக்கிறாள். நடந்து வந்த களைப்பில் இதயம் படபடவென்று அடிக்கிறது. பயப்படாமல் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.