பசை காயும் வரை

"பாட்டே போடாம ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களே, யாரு அந்தம்மா?"

வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார்.

"நம்ம பாம்புக்காது வீட்டம்மா. பெட்டி தூக்க ஆள் இல்லைன்னு கூட்டிட்டு வந்திருக்காரு" என்றார் பின்னால் நின்றவர்.

ஹெட்போன் பிரியர்களின் கூட்டம் அது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கணினி வகுப்பின் மாடியை வாடகைக்கு எடுத்து, மேசைக்கு மேசை அவரவர் சாமானைப் பரப்பி வைப்பார்கள். வருகிறவர்கள் ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டுவிட்டு, பிடித்ததற்குச் சீட்டுப் போடவேண்டும். யாருக்கு அதிகச் சீட்டோ, அவர்தான் அன்றைக்கு ராஜா.

பாம்புக்காது என்ற பட்டம் சும்மா வரவில்லை.

"இந்த இடத்தைக் கவனிங்க. வயலின்காரர் தொண்டையைச் செருமுறாரு. பின்னாடி யாரோ நாற்காலியை நகர்த்துறாங்க. கேட்குதா?"

மற்றவர்களுக்குக் கேட்காது. அவருக்குக் கேட்கும். அதைச் சொல்லாமல் அவரால் இருக்கவும் முடியாது.

அவர் மனைவி உட்கார்ந்திருந்தது பல் டாக்டர் ஒருவரின் மேசை முன்னால். நாள் பூராவும் பல் குடையும் சத்தத்தில் கிடந்து நொந்துபோன டாக்டர், வெளிச்சத்தம் துளியும் உள்ளே வராத ஹெட்போன் ஒன்றைத் தன் கையாலேயே செய்திருந்தார். ரெண்டு வருஷ வேலை. ராஜா பட்டம் இதுவரை அவர் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இன்றைக்கு அவர் மேசையில்தான் வரிசை நீளம்.

அடுத்தவரை வாய் திறக்கச் சொல்லியே பழகியவர், தான் வாய் திறப்பது அபூர்வம். திறந்தால் கறார்தான். அந்தப் பெண் வந்து உட்கார்ந்தபோதும் சிடுசிடுப்பாகத்தான் கேட்டார்.

"என்ன பாட்டு போடணும்?"

"பாட்டு வேண்டாங்க. இதை மாட்டினா வெளிய ஒண்ணும் கேட்காதாமே?"

"கேட்காது."

"அது போதுங்க. வீட்டுல மாமனார் படுத்த படுக்கையா இருக்காரு. ராத்திரி பூரா கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு. பாவம், அவருக்கு ராத்திரி எது பகல் எதுன்னு தெரியறதில்லை. இன்னிக்கு நாத்தனார் வந்திருக்கா, அதான் வெளிய வர முடிஞ்சுது."

"வீட்டுக்காரர் எழுந்திரிக்க மாட்டாரா?"

"அவருக்குக் கேட்காதுங்க. காதுல எதையாவது மாட்டியிருப்பாரு."

டாக்டர் பாம்புக்காதின் மேசைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"ஆளுக்குப் பத்து நிமிஷம்தான்" என்றார்.

மாட்டிய கொஞ்ச நேரத்திலேயே அவள் தலை சுவரில் சாய்ந்தது. மடியில் இருந்த கை நழுவித் தொங்கியது. அடித்துப் போட்ட மாதிரி ஒரு தூக்கம். பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் வரிசையில் நின்றவர்களுக்குப் பாவம் பார்க்க நேரமில்லை.

"டாக்டர், நேரம் ஆச்சு."

"தூங்குறதுக்கா இங்க வர்றது?"

"இப்படி ஒரு பொருளைத் தலையில வச்சுக்கிட்டுக் குறட்டை விடவும் ஒரு தைரியம் வேணும்."

சிரிப்புச் சத்தம் பாம்புக்காதுக்குக் கேட்டுவிட்டது. விடுவிடுவென்று வந்தார்.

"மானத்தை வாங்குறா. ஏய், எழுந்திரு."

தோளை உலுக்கப் போனவரின் குறுக்கே டாக்டர் கையை நீட்டினார்.

"தொடாதீங்க. காது மெத்தையில பசை இளகிப்போச்சு. இப்ப அசைச்சா மொத்தமும் கழண்டு கையோட வந்துடும். அது மறுபடி காயற வரைக்கும் தலை ஆடக்கூடாது. தரை அதிர நடக்கவும் கூடாது."

"அப்ப சீட்டு?" என்று கூட்டத்தை நடத்துபவர் மெதுவாகக் கேட்டார். "பாதிப் பேர் இன்னும் உங்களோடதைக் கேட்கவே இல்லையே."

டாக்டர் தன் ஹெட்போனையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என் பேரை எடுத்துடுங்க."

வரிசை கலைந்தது. கலைந்தவர்கள் நுனிக்காலில் நடந்தார்கள். ஆட்டம் கூடாதென்று ஒருவர் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார். இன்னொருவர், வெயில் பட்டால் பசை இளகிவிடும் என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பொருள் என்று வந்துவிட்டால் அவர்களைப் போல அக்கறையானவர்களைப் பார்க்க முடியாது.

சாயங்காலம் சீட்டுகளைப் பிரித்தார்கள். பாம்புக்காதுதான் ராஜா. கைதட்டல்கூட விரல் நுனியால்தான்.

அவள் தானாகக் கண் விழித்தபோது பாதி மேசைகள் காலி. பதறிப்போய் ஹெட்போனில் கை வைத்தாள்.

"பார்த்து, ஆட்டாம கழட்டு" என்றார் கணவர். பிறகு டாக்டரிடம் திரும்பினார். "மன்னிச்சிடுங்க டாக்டர். உங்க ரெண்டு வருஷ உழைப்பை இவ தூங்கியே கெடுத்துட்டா. இதோட அருமை இவளுக்கு எங்க தெரியப்போகுது?"

கனமான பெட்டியை அவள் எடுத்துக்கொள்ள, இருவரும் படியிறங்கினார்கள். வரும்போது அவள் நடையில் இருந்த தள்ளாட்டம் இப்போது இல்லை.

நாற்காலிகளை அடுக்கிவிட்டு வந்த கூட்டத்தை நடத்துபவர், ஹெட்போனைப் பயந்து பயந்து கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். காது மெத்தையைச் சுற்றி நெருக்கமாக நூல் தையல் ஓடியது.

"என்ன டாக்டர், இது தையல் போட்டதுல்ல? பசையே இல்லையே?"

டாக்டர் அதை வாங்கி மெல்லிய துணியில் சுற்றினார்.

"பசைன்னு சொன்னேன், எல்லாரும் நுனிக்கால்ல நடந்தீங்க. பாவம், அந்தம்மா தூங்கட்டும்னு சொல்லியிருந்தா நடந்திருப்பீங்களா?"