முதல் சொட்டு

தமயந்தியின் நரம்பு நோய்க்காக வீட்டில் வைத்த பெட்டி, தினமும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களைக் கலந்து பார்த்து, காலையில் ஒரு புது மருந்தைக் கொடுக்கும். முதல் சொட்டை ரத்த உறவு யாராவது குடித்துக் காட்டினால்தான் மீதி நோயாளிக்குக் கிடைக்கும். அம்மா கோமதி இருநூற்றுப் பத்து மருந்துகளைக் குடித்தாள். கடைசி மருந்துதான் கேட்டது.

இன்று தமயந்தி தானே நடந்து வந்து சாப்பிட உட்கார்ந்தாள்.

"ரசத்துல உப்பே இல்லையேம்மா."

"அப்படியா? எனக்கு நாக்கு செத்து மூணு மாசமாச்சு. எந்த மருந்தோ, தெரியல."

"அப்பவே நிறுத்தியிருக்கலாம்ல?"

"நிறுத்தியிருந்தா நீ எந்திரிச்சிருப்பியா? உப்பைப் போட்டுச் சாப்பிடு."

தமயந்தி எழுந்து போய், பெட்டியில் நோயாளியாக இருந்த தன் பெயரை அழித்துவிட்டு அம்மாவின் பெயரைப் போட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் கோமதி.

"நீ பேசாம இரும்மா. நாளைலேர்ந்து முதல் சொட்டு எனக்கு."