சுவரைப் பார்த்த மாப்பிள்ளை

"அத்தை, அங்கேயே நில்லுங்க. இதை மாட்டிக்காம உள்ள வரக்கூடாது."

மருமகன் மெஷினை அணைத்துவிட்டு ஓர் ஆரஞ்சுக் கண்ணாடியை நீட்டினான். பின்னறை வாசலில் நின்ற தையல்காரம்மா அதை வாங்கிக்கொண்டாள். மூன்று வருடத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சே அதுதான். அதுவும் அதட்டல்.

மகள் தானாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை அவன். கல்யாணத்துக்கு இவள் போகவில்லை, அதற்குப் பிறகும் முகம் கொடுக்கவில்லை. போன வாரம் மகள் போனில் அழுதாள். ஒரே ஒரு வாரம் வந்து இரு, அவரைப் பார், பிடிக்கவில்லை என்றால் இனி உன்னைக் கூப்பிடவே மாட்டேன் என்றாள். பெற்ற மனசு கேட்கவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மகள் காலையில் வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள். பகல் முழுக்க வீட்டில் மாமியாரும் மருமகனும்தான். சின்ன லேசர் மெஷின் ஒன்றை மேஜை மேல் வைத்து, மரப்பலகையில் எழுத்துகளைச் சுட்டுப் பெயர்ப்பலகை செய்வது அவன் பிழைப்பு. வந்த மறுநாள் அந்த அறையை அவள் எட்டிப் பார்த்தபோதுதான் இந்த அதட்டல்.

அதோடு விட்டானா? ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். பீரோவில் பதித்திருந்த நிலைக்கண்ணாடியைப் போர்வையால் மூடினான். மேஜை ஓரம் இருந்த ஸ்டீல் டம்ளரைக்கூட வெளியே கொண்டுபோய் வைத்தான். பளபளப்பான எதில் பட்டாலும் இந்த வெளிச்சம் தெறித்து வந்து கண்ணைக் கெடுத்துவிடும், கெட்டால் கெட்டதுதான் என்றான். குண்டூசித் தலை அளவு வெளிச்சத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அவளுக்கு ஒரு நாற்காலி போட்டான். தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையில் சுவிட்சைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க பார்க்கலையா?" என்று கேட்டாள்.

"நான் நிறைய பார்த்தாச்சு, அத்தை. மெஷின் ஓடும்போது விட்டுட்டுப் போகக்கூடாது, தீப்பிடிச்சுடும். அதான் இங்கேயே இருக்கேன்."

மெஷின் முனகிக்கொண்டு நகர்ந்தது. ஆரஞ்சுக் கண்ணாடி வழியாக வெளிச்சமே தெரியவில்லை. பலகையிலிருந்து நூல் போலப் புகை மட்டும் எழுந்தது. புகை நகர நகர, அதன் அடியில் எழுத்து பிறந்தது. யார் கையும் படவில்லை, உளி இல்லை, மை இல்லை. ஒரு 'ழ' தன் வாலைத் தானே சுழித்துக்கொண்டு வந்து நின்றது.

முப்பது வருடம் துணியில் கோடு போட்டு வெட்டியவள் அவள். ஒரு மயிரிழை பிசகினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். இதில் பிசகே இல்லை. வாயைத் திறந்தபடி, அடுப்பில் பால் வைத்ததையும் மறந்து உட்கார்ந்திருந்தாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

அதற்கு மறுநாளிலிருந்து சமையலை அவசர அவசரமாக முடித்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல அந்த வாசலில் போய் நிற்க ஆரம்பித்தாள். அவனும் தினமும் கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான்.

மூன்றாம் நாள் பலகை நழுவிப் பெயர் கோணிப்போனது. கருகல் வாடை வருகிறதே என்று அவள் சொன்ன பிறகுதான் சுவிட்சை அணைத்தான். நான்காம் நாள் இன்னொரு பலகை பாழ். வேலையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டாள். கழுத்தை நீட்டி அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று வருடம் இவள் முகம் கொடுக்கவில்லை, இப்போது அவன் பதிலுக்குப் பதில் செய்கிறான். அன்று ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். மகளிடமும் எதுவும் சொல்லவில்லை. இத்தனை அழகான வேலை தெரிந்தவனுக்கு இத்தனை வன்மமா என்று நினைத்துக்கொண்டே பையில் துணிகளை அடுக்கினாள்.

ஐந்தாம் நாள், மகள் வேலைக்குப் போனதும், பையும் கையுமாகப் பின்னறை வாசலில் போய் நின்றாள். இந்தப் படியை இனி மிதிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

"தப்பு என் மேலதான், இல்லேங்கல. கல்யாணத்துக்கு வரல, ஒரு வார்த்தை பேசல. அதுக்காக, நான் உட்கார்ந்திருக்கிற பக்கம் திரும்பக்கூடப் பிடிக்காம கண்ணை மூடிக்கிற அளவுக்கா வெறுப்பு? நான் கிளம்பறேன். அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அவன் பதறி எழுந்தான். அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. விட்டால் போதும் என்று ஓடினான். ஒரு சின்னப் பார்சலோடு திரும்பி வந்தான். இந்த நேரத்திலும் பார்சல்தான் பெரிதா என்று அவளுக்குக் கண்ணீர் முட்டியது.

அவன் பார்சலைப் பல்லால் கடித்துப் பிரித்தான். உள்ளே இருந்து இன்னோர் ஆரஞ்சுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். சுவரைப் பார்த்துக் கிடந்த நாற்காலியைத் தூக்கி அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டான்.

"சொன்னா நீங்க வந்து உட்கார மாட்டீங்கன்னுதான் சொல்லல," என்றான். "மெஷினோட வந்தது ஒரே ஒரு கண்ணாடிதான், அத்தை."