தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

"இந்த இடத்துல ஒரு சுவர் வேணும் சார்,"னாங்க அந்தம்மா.

ஆர்க்கிடெக்ட் கையில இருந்த சாக்பீஸ் ரெண்டா உடைஞ்சது.

நாளைக்குக் கொத்தனார் வரார். இன்னிக்குப் போய் சுவராம்.

சின்ன வீடு போடுறதுல பேர் போனவர் அவர். தீப்பெட்டியைக் குடுத்தா அதுக்குள்ளயும் ஒரு பால்கனி காட்டுவார்னு கூட வேலை செய்யறவங்க சொல்வாங்க. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, வெறும் தரையில முழு வீட்டையும் நிஜ அளவுல சாக்பீஸால வரைஞ்சு, குடும்பத்தையே உள்ள நடக்க விட்டுப் பார்க்கறது அவர் பழக்கம். காகிதத்துல சரின்னு தலையாட்டறவங்க தரைக்கு வந்தாத்தான் முழங்கையை இடிச்சுக்குவாங்க.

இந்த வீட்டுக்கு அவர் போட்ட கணக்கு ரொம்ப சுலபம். முன் ஜன்னல்ல நுழையற காத்து பின் ஜன்னல் வழியா வெளியே போகணும். நடுவுல சுவரே கிடையாது. பகல்ல விளக்கு வேண்டாம், ஏசி வேண்டாம். சைக்கிளுக்கு ஒரு கொக்கி, செருப்புக்கு ஒரு பெட்டி, துணி துவைக்கிற மிஷினுக்கு ஒரு மூலை. எல்லாத்துக்கும் தரையில கட்டம் கட்டி, உள்ள பேரும் எழுதி வெச்சிருந்தார்.

புருஷனும் பொண்டாட்டியும் அவங்கவங்க கட்டத்துல போய் நின்னு பார்த்தாங்க. புருஷனோட அக்கா மட்டும் தோள்ல பையோட வாசல்லயே நின்னாங்க. கல்யாணம் பண்ணிக்காம தம்பி கூடவே இருக்கறவங்க.

"ஆர்க்கிடெக்ட் சார், நான் எங்க நிக்கணும்?"

"ஹால்ல சோபா இருக்குல்லம்மா. ராத்திரி இழுத்தா அதுவே கட்டில். காலையில மடிச்சுடலாம்,"னார் அவர்.

"என்னையும் சேர்த்து மடிச்சுட்டா இன்னும் இடம் மிச்சமாகும்,"னுட்டு அவங்க பால்கனிப் பக்கம் போயிட்டாங்க.

ஆர்க்கிடெக்ட் சிரிச்சார். தம்பி பொண்டாட்டி சிரிக்கல. அப்பதான் இந்தச் சுவரைக் கேட்டாங்க.

அதுவும் எங்க? பின் ஜன்னலை அப்படியே வளைச்சு உள்ள போட்டு, நாத்தனாருக்குத் தனியா ஒரு ரூமாம். ரூம்னு சொல்லவே நாக்கு கூசும். கதவைத் திறந்தா கட்டில்தான் இடிக்கும்.

ஆர்க்கிடெக்ட் பொறுமையா எடுத்துச் சொன்னார். காத்து நின்னுடும், ஹால் இருட்டாயிடும், பட்டப்பகல்ல விளக்கு எரியும்னார்.

"எரியட்டும்."

"உங்க கட்டிலுக்கும் காத்து வராதும்மா. புழுங்கும்."

"புழுங்கட்டும். இவங்க விளக்கைப் போட்டுப் புஸ்தகம் படிக்கறது என் கண்ணுல படக் கூடாது. இவங்க இருமறது என் காதுல விழக் கூடாது." பால்கனிக்குக் கேக்கற மாதிரியேதான் சொன்னாங்க.

"உன் குறட்டையைக் கேட்டுக் கேட்டுத்தான்டி எனக்கு இருமலே வந்துச்சு,"ன்னு அங்கேர்ந்து பதில் வந்தது.

புருஷன்காரர் பாவம், மத்தளம். ரெண்டு பக்கமும் இடி. டேப்பை இழுத்து, ஏற்கெனவே அளந்த இடத்தையே மறுபடி அளந்துக்கிட்டிருந்தார்.

திரைச்சீலை போடலாமான்னு கேட்டார் ஆர்க்கிடெக்ட். வேண்டாமாம். காத்து போற மாதிரி பலகைத் தட்டி வெச்சா? அதுவும் வேண்டாமாம். சரி, சுவரே வரட்டும், பாதி உசரத்துக்கு?

"கூரை வரைக்கும்."

சின்ன வீட்டுல இருக்கணும்னா பெரிய மனசு வேணும்னு போற இடமெல்லாம் பேசற மனுஷன் அவர். கூடப் பொறந்த அக்காவை மூலையில வெச்சு அடைக்கவா இவ்வளவு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டோம்னு அவருக்குப் பத்திக்கிட்டு வந்தது. குனிஞ்சு அழுத்தமா கோடு போட்டார். கதவையும் வரைஞ்சார்.

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்கட்டும்? வெளிப்பக்கம்தானே?"

குத்தலாத்தான் கேட்டார்.

அந்தம்மா பால்கனியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டுக் கிட்ட வந்தாங்க. குரல் இறங்கிப் போச்சு.

"உள்பக்கம் சார். உள்பக்கம் மட்டும் போதும். இப்ப இருக்கிற வாடகை வீட்டுலயும் அவங்களுக்கு ஹால்தான். நாங்க எழுந்து வரதுக்குள்ள படுக்கையைச் சுருட்டிடணும். புடவை மாத்தறதுன்னா பாத்ரூம்ல ஈரத்தரையில நின்னு மாத்திக்கறாங்க. கோவம் வந்தா படார்னு சாத்திக்கறதுக்குக்கூட அவங்களுக்குன்னு ஒரு கதவு கிடையாது."

"இதை அவங்ககிட்டயே சொல்லிடலாமேம்மா?"

"சொன்னா கெட்டது. உங்க காத்தை மறைச்சுக்கிட்டு எனக்கெதுக்கு ரூமுன்னு ஹால்லயே சுருண்டுக்குவாங்க. அவங்களுக்குக் குடுத்தா வாங்கத் தெரியாது சார். நான் துரத்தறேன்னு நினைச்சாத்தான் வீம்புக்காவது உள்ள போய் உக்காருவாங்க."

ஆர்க்கிடெக்ட் தரையைப் பார்த்தார். செருப்புக்குக்கூடக் கட்டம் கட்டிப் பேர் எழுதியிருந்தது. அக்கா இருக்க வேண்டிய இடத்துல 'மடிப்பு சோபா'ன்னு இருந்தது.

காலால தேச்சு அதை அழிச்சார். அப்புறம் பால்கனிப் பக்கம் திரும்பி, நல்லாக் கேக்கற மாதிரி சொன்னார்:

"இப்படியொரு கொடுமைக்காரத் தம்பி பொண்டாட்டியை நான் பார்த்ததே இல்லம்மா. சுவரை இன்னும் கொஞ்சம் கனமா வேற வைக்கச் சொல்றாங்க."